மூன்று குறுஞ்செய்திகள்

அக்கா,

இன்று சந்தையில் மழையில் நனைந்த லீக்ஸ் கட்டொன்றைக் கையில் எடுத்தேன். வேரில் ஒட்டியிருந்த மண்ணின் மணம் பட்டதும், லிந்துலைக்கு மேலே உங்கள் லயத்து வரிசை வீடுகளின் பின்சரிவு கண்ணுக்குள் வந்துவிட்டது.

உருளைக்கிழங்கில் நோய் வருமுன் எச்சரிக்கும் மென்பொருளை விவசாயிகளோடு சேர்ந்தே செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டு வந்தவன் நான். உங்கள் தோட்டத்தில் மழைமானியை நட்டு, கையில் ஒரு தொலைபேசியையும் தந்தேன். நாள் தவறாமல் காலை ஏழு மணிக்கு மழையின் அளவை அனுப்பினீர்கள்.

விவசாயிகளோடு நடந்த முதல் கூட்டத்தில் கேள்வி கேட்டவர் நீங்கள் ஒருவர்தான்.

"நாங்க நம்பர் அனுப்புறோம், சரி. மண்ணு ஊறிப்போச்சு, லயத்த விட்டு வெளியில போங்கன்னு உங்க கம்ப்யூட்டரு எங்களுக்கு ஒரு வார்த்த சொல்லாதா தம்பி?"

கொழும்பில் என் மேலதிகாரியிடம் சொன்னேன். "அது எங்கட வேலை இல்லை ஐசே. நாங்கள் கிழங்குக்குத்தான் செய்யிறம்" என்றார். அந்த எச்சரிக்கையையும் சேர்ப்பது இரண்டு நாள் வேலைதான்; அவரைக் கேட்காமலே செய்திருக்கலாம். நான் செய்யவில்லை.

அந்த மழை விடாமல் பெய்த கிழமையில், ஒரு நாள் காலை எண் வழக்கம்போல் வந்தது. பத்து மணிக்கு இன்னொன்று. நண்பகலில் மூன்றாவது, எல்லாவற்றிலும் பெரியது. ஒரு நாளைக்கு ஒரு கணக்கு போதுமென்று நிரல் எழுதியவன் நான். மற்ற இரண்டையும் கணினி பிழையென்று ஒதுக்கிவிட்டது. பிற்பகலில் லயத்தின் மேல் மண்சரிவு இறங்கியது. பிள்ளைகளைக் கோயிலுக்கு அனுப்பிவிட்டு, நடக்க முடியாத பக்கத்து வீட்டுக் கிழவியைத் தூக்கிவர நீங்கள் திரும்பிப் போயிருந்தீர்களாம். ஒதுக்கிய பட்டியலை மறுநாள்தான் திறந்தேன்.

மரண வீட்டில் உங்கள் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்கு நம்பர அனுப்பிக்கிட்டே இருந்தா தம்பி. 'அந்தத் தம்பி பாத்தா யாருக்காச்சும் சொல்லும்'னா. உங்களுக்கு வந்துச்சா?"

"காலமை வந்ததுதான் அண்ணை. மற்றது வரேல்லை. சிக்னல் இல்லாமப் போயிருக்கும்."

அவர் தலையசைத்தார். "அதானே. வந்திருந்தா சொல்லாமயா இருந்திருப்பீங்க?"

அதற்குப் பிறகு நான் லிந்துலைப் பக்கம் போகவில்லை. வேறு வேலை, வேறு ஊர்கள். அவர் இன்னும் சிக்னலைத்தான் நொந்துகொண்டிருப்பார். மூன்றும் வந்தன, அக்கா. அவரிடம் சொல்ல வேண்டியதை உங்களிடம்தான் எழுத முடிகிறது.