பன்னிரண்டாவது ஓட்டு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் நலம், நம் வாளிக் கட்சிதான் நலமில்லை, நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று யோசிப்பாய். நாம் போனில் பேசும்போதெல்லாம் உன் அப்பா பக்கத்து அறையில் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்து ஒரு காதை இந்தப் பக்கமே வைத்திருப்பார். ஏழு மாதமாக உன்னோடு பேச்சு இல்லையே தவிர, உனக்குச் சளி பிடித்தது வரைக்கும் அவருக்குத் தெரியும். இந்த விஷயம் அவர் காதில் விழக் கூடாது, அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

தேர்தல் முடிவை நீயும் பார்த்திருப்பாய். போன தடவை முப்பத்தெட்டு இடம், இந்தத் தடவை மூன்று. டெபாசிட் போன ஊர்களை எண்ணி முடியாமல் பாதியில் விட்டுவிட்டார்களாம். தலைவர் டிவியில் வந்து, இது பின்னடைவுதான் தோல்வி அல்ல என்று சிரித்த முகத்தோடு சொன்னார். குதிரைக் கட்சியோடு கூட்டணி சேர்ந்து நாலு வருஷம் மந்திரியாக இருந்ததில் மனிதர் உருப்படியாகக் கற்றுக்கொண்டது அந்த ஒரு சிரிப்புதான். நல்லது நடந்தால் பெயர் குதிரைக்கு, கெட்டது நடந்தால் கையெழுத்து நம் ஆளுக்கு, இதுதான் அவர்கள் ஒப்பந்தம். நீ ஆறு வருஷம் நர்ஸாக இருந்த தெருமுனை இலவச ஆஸ்பத்திரியை மூடும் உத்தரவிலும் நம் ஆள்தான் கையெழுத்துப் போட்டார், உன் அப்பா அதற்கும் கூட்டணி தர்மம் என்று விளக்கம் கொடுத்தார், நீ வேலை போய் பெட்டியைக் கட்டிக்கொண்டு கடல் தாண்டிப் போனாய். அப்புறம் கூட்டணி உடைந்ததும் உன் அப்பா வெட்கமில்லாமல் உனக்கே போன் போட்டு தபால் ஓட்டு கேட்டாரே, செத்தாலும் வாளிக்குப் போட மாட்டேன் என்று நீ சொன்னாய், அப்படின்னா எனக்குப் பொண்ணே இல்லன்னு நினைச்சுக்கறேன் என்று அவர் போனை வைத்தார். வைத்தவர் நேரே போய் லிஸ்டில் உன் பெயரைச் சிவப்பு மையால் அடித்தார்.

அந்த லிஸ்ட் உனக்குத் தெரியும், ஒவ்வொரு தேர்தலுக்கும் பழைய போஸ்டரின் முதுகில் நம் தெருவின் உறுதி ஓட்டுகளைப் பெயர் பெயராக எழுதுவார். முன்பெல்லாம் நானூறு பெயர் வரும், போஸ்டர் போதாமல் ஒட்டுப்போடுவார். இந்த முறை பன்னிரண்டு. நாங்கள் இரண்டு பேர், தையல்காரர் வீட்டில் நாலு, சலூன்காரரும் அவர் அண்ணனும், மாடிவீட்டு வாத்தியாரும் அவர் மனைவியும், அச்சகக்காரர், ஓய்வுபெற்ற தபால்காரர். முடிவு வந்தபோது, தபால் ஓட்டையும் சேர்த்து, நம் தெருவில் வாளிக்கு விழுந்தது மிகச் சரியாகப் பன்னிரண்டு. தையல்காரர் இனிப்பு வாங்கி வந்தார், ஒருத்தர்கூடக் கட்சி மாறவில்லையாம். மூன்று இடம் ஜெயித்த கட்சிக்கு நம் வாசலில் கொண்டாட்டம். உன் அப்பா மட்டும் இனிப்பைத் தொடவில்லை, பேயடித்த மாதிரி உட்கார்ந்திருந்தார்.

மறுநாளே கிளம்பி ஒவ்வொரு வீடாகப் போய், நீ வாளிக்குத்தான் போட்டியா, நிஜமாகவா என்று கேட்டு மானத்தை வாங்கினார். எல்லோரும் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தார்கள். நான்காம் நாள் காலையில் நான் அவர் மேடைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன், அவர் ஷேவ் பண்ணிக்கொண்டிருந்தார். பாதி முகத்தில் சோப்போடு திரும்பி, நான் குதிரையில குத்திட்டேன் என்றார். எனக்கு முதலில் விளங்கவில்லை. கூட்டணி இருந்தபோது இரண்டு தேர்தலில் நம் தொகுதியைக் குதிரைக்கு விட்டுக்கொடுத்தார்கள் இல்லையா, அப்போது இவர்தானே மாதிரிச் சீட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய், மேலிருந்து மூணாவது, குதிரை, அழுத்திக் குத்து என்று பாடம் எடுத்தார். அந்தப் பாடம் வேறு யாருக்கு ஏறியதோ இல்லையோ பாடம் எடுத்தவர் கைக்கு ஏறிவிட்டது. சீட்டைப் பெட்டியில் போட்ட பிறகுதான் உறைத்ததாம். நான் சிரித்த சிரிப்பில் இஸ்திரிப் பெட்டி அப்படியே நின்று மேடைச் சட்டை காலரில் ஒரு பழுப்பு முக்கோணம் விழுந்துவிட்டது.

அவர் சிரிக்கவில்லை. என் ஓட்டு போயிடுச்சுன்னா பதினொண்ணுதானே வரணும், எப்படிப் பன்னிரண்டு வந்தது என்றார். பிறகு குரல் இறங்கி, நம்ம தெருவுல தபால் ஓட்டு எத்தனை என்றார். அவருக்குத் தெரியாதா, ஒன்றே ஒன்று, உன்னுடையது. நானே குத்தாத சின்னத்துல என் பொண்ணு குத்தியிருக்கா என்று சொல்லிச் சொல்லி, முகத்துச் சோப்பு காயும்வரை அழுதார் பாப்பா. ஆஸ்பத்திரியை மூடியபோதே அழுதிருக்க வேண்டிய மனிதர், தாமதமாகத்தான் அழுதார், ஆனால் எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது, அதை அவரிடம் சொல்லவில்லை. இவர் கை தவறிக் குதிரையில் குத்தினால், குதிரைக்குப் போட வந்தவன் எவனாவது கை தவறி வாளியில் குத்தியிருக்க மாட்டானா? போகட்டும். உன் பிறந்த நாளன்று உனக்குப் போன் செய்யப் போகிறார், மேடைப் பேச்சு மாதிரிக் குறிப்பெல்லாம் எழுதி வைத்திருக்கிறார். ஒன்று, உடம்பு எப்படி. இரண்டு, அங்கே குளிரா. மூன்றாவதில், ஆஸ்பத்திரி விஷயத்தில் தப்பு என் மேல்தான் என்று எழுதி, அடித்து, மறுபடி எழுதி, மறுபடி அடித்து, மூன்றாம் முறை எழுதியிருக்கிறார். உன் கோபம் நியாயமான கோபம், அதை விட்டுவிடு என்று நான் சொல்ல மாட்டேன்.

நோய் நொடி இல்லாமல், உன் கையால் பிழைத்தவர்கள் வாழ்த்த, நீ நன்றாக இருக்க வேண்டும். அன்றைக்குப் போனை மட்டும் மறக்காமல் எடு. நீ யாருக்குப் போட்டாய் என்று எனக்கும் சொல்ல வேண்டாம். வாளிக்குப் போட்டிருந்தால் அவரிடம் சொல்லு. போடவில்லை என்றால், அம்மாவுக்காக அந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாயைத் திறக்காதே.

என்றும் உன்,
அம்மா