இன்று மதியம் நான் நீயாக இருக்க வேண்டுமாம்

என் பொல்லாத அக்கா கோகிலாவுக்கு,

நீ போன பிறகு உனக்கு எழுதுகிற முதல் கடிதம் இது. நல்லதாக நாலு வார்த்தை எழுத வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் அடுப்பில் பிரியாணிக்கு வெங்காயம் வதங்குகிறது, உன் மகள் தாரிணி சோபா உறையை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கிறாள், கூடத்துச் சுவரில் உன் படம் இல்லை. ஆணி மட்டும்தான் இருக்கிறது. படத்தை மாலையோடு கழற்றி, பீரோவில் உன் பட்டுச்சேலைகளுக்கு நடுவே வைத்துவிட்டாள். யாரைத் திட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் உன்னிடம் வந்திருக்கிறேன்.

இன்று மதியம் அவளுடைய புதுப் பள்ளித் தோழிகள் சாப்பிட வருகிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு நீ உயிரோடு இருக்கிறாய். துபாயில் பெரிய கம்பெனியில் மேனேஜர், லீவுக்கு ஊர் வந்திருக்கிறாய். இங்கே பம்பு கம்பெனியில் இத்தனை வருஷம் கணக்கெழுதியும் உனக்குக் கிடைக்காத பதவி உயர்வை உன் மகள் ஒரே மூச்சில் கொடுத்துவிட்டாள். அந்த மேனேஜர் வேஷம் எனக்கு.

எப்படி இதில் மாட்டினேன் என்று கேட்பாய். நீ போன பிறகு காலையும் மாலையும் பக்கத்துத் தெருவிலிருந்து வந்து சமைத்துப் போடுகிறேன். பிளஸ் ஒன்னுக்கு அவள் பள்ளி மாறினாள். ஸ்கூட்டியில் கொண்டுபோய் விடுவதும் நான்தான். வீட்டில் 'சரிங்க சித்தி' என்று தலையாட்டுகிறவள், பள்ளி கேட் நெருங்கியதும் பையை ஒரே தோளுக்கு மாற்றுவாள். நான் இறுக்கிப் போட்ட ஜடையைத் தளர்த்திவிடுவாள். நடை மாறும், சிரிப்பு கூட மாறும். அந்தச் சிரிப்பை நம் வீட்டில் யாரிடமும் நான் பார்த்ததில்லை, எங்கிருந்து எடுத்து வந்தாளோ. சாயங்காலம் திரும்ப வண்டியில் ஏறும்போது அந்தச் சிரிப்பைப் பள்ளி வாசலிலேயே விட்டுவிட்டு வருவாள். மதியத்துக்கு அரிசிச் சந்தகை பிழிந்து டப்பாவில் வைத்தால் அப்படியே திரும்பி வரும். கேட்டால், "அது கூலா இருக்காதுங்க சித்தி" என்பாள். சந்தகை சூடாக இருந்தால்தான் நல்லது என்று நான் கிண்டலடித்தால் சிரிக்க மாட்டாள்.

வயசுப் பிள்ளை, நாலு பேரோடு ஒட்டிக்கொள்ளத் தவிக்கிறது, ஆடி அடங்கட்டும் என்றுதான் விட்டிருந்தேன்.

போன மாதம் ஷூ வாங்க மாலுக்குப் போனோம். நகரும் படிக்கட்டில் இறங்கும்போது இரண்டு பிள்ளைகள் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "ஆன்ட்டி, துபாய்ல இருந்து எப்ப வந்தீங்க? தாரிணி சொல்லவே இல்ல" என்றது ஒன்று. நமக்குத்தான் ஒரே மூஞ்சி ஆயிற்றே. நான் தாரிணியைப் பார்த்தேன். அக்கா, அந்த முகத்தை உனக்கு எப்படிச் சொல்வேன்? ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாரே, அப்போது இருந்த அதே முகம்.

"போன வாரந்தான் கண்ணு" என்று சொல்லிவிட்டேன். என் வாய்தான் சொன்னது. வேறு எதுவும் அந்த நேரத்துக்கு வரவில்லை.

திரும்பி வரும்போது சிக்னலில் வண்டி நின்றதும் பின்னாலிருந்து அவளே பேசினாள். "பழைய ஸ்கூல்ல எல்லாரும் என்னையப் பாவம்னு பாத்தாங்க சித்தி. ஹோம்வொர்க் செய்யலைன்னாக்கூட மிஸ் திட்ட மாட்டாங்க. நான் சிரிச்சா, எப்படி இவளால சிரிக்க முடியுதுன்னு பாத்தாங்க. இங்க யாருக்கும் தெரியாது. இங்க எனக்கு அம்மா இருக்காங்க." பச்சை விழுந்தும் நான் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்துத் தள்ளினார்கள்.

அதற்குப் பிறகு நான் அவளை என்ன சொல்லித் திருத்துவது? பொய் சொல்லாதே, நீ நீயாக இரு என்று எல்லோரும் சுலபமாகச் சொல்கிறோம். வீட்டில் உன் படத்துக்கு முன்னால் தட்டை வைத்துக்கொண்டு பேசாமல் சாப்பிடுகிறவள் நிஜமா, பள்ளியில் 'எங்கம்மா நேத்துத் திட்டுச்சு' என்று அலுத்துக்கொள்கிறவள் நிஜமா? அங்கே இருக்கிற பிள்ளை சந்தோஷமாக இருக்கிறது அக்கா. என் கண்ணால் பார்த்தேன். நிஜத்தைச் சொல் என்று நான் பிடித்துக்கொண்டால், அவள் அந்தப் பள்ளியில் உன்னை இன்னொரு முறை சாகக் கொடுக்க வேண்டும். அதை எப்படிச் சொல்லச் சொல்வேன்?

மாமா உன் புருஷனாயிற்றே, அவர் செய்ததைக் கேள். காலையில் எழுந்து வந்தவர் வெறும் ஆணியைப் பார்த்துக்கொண்டே நின்றார். சட்டை மாட்டிக்கொண்டு பைக் சாவியை எடுத்தார். "கிணத்துக்கடவுக்குப் போயித் தேங்கா போடச் சொல்லிப்போட்டு வாரேன் அம்மணி. பொழுது சாயறதுக்குள்ள வர மாட்டேன்" என்றார். நம் அப்பா தோப்பில் போன வாரம்தான் தேங்காய் போட்டார்கள். அது அவருக்கும் தெரியும்.

இனிமேல்தான் உன் விஷயம் வருகிறது. கோபப்படாதே.

நேற்று மாலை தாரிணி உன் கண்ணாடியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். தோழிகளிடம் அவள் காட்டிய போட்டோவில் நீ கண்ணாடியோடு இருக்கிறாயாம். மாலில் ஏன் போடவில்லை என்று அந்தப் பிள்ளைகள் கேட்டதற்கு, லென்ஸ் என்று சமாளித்தாளாம். "கொஞ்ச நேரம் போட்டுக்குங்க சித்தி. தலை சுத்துனா உக்காந்துக்கலாம். அம்மாவுக்கு நெம்பப் பவர்ல்ல" என்றாள்.

போட்டேன். எனக்குத் தலை சுற்றவில்லை. சுவரில் உன் படம் தெரிந்தது, காலண்டரில் சின்ன எழுத்து தெரிந்தது, அவள் மூக்கில் இருந்த பரு தெரிந்தது. நான் தடுமாறுவேன் என்று கையை நீட்டிக்கொண்டு நின்றவள் என்னையே பார்த்தாள். நான் நடிக்க மறந்துவிட்டேன் அக்கா. தட்டுத்தடுமாறி நடந்திருக்கலாம். எனக்கு அந்தப் புத்தி வரவில்லை.

பத்தாவதில் பஸ்ஸில் நம்மோடு வந்த அந்த பேங்க் அக்காவை நினைவிருக்கிறதா? கண்ணாடியை விரலால் மேலே தள்ளிவிட்டுக்கொண்டு இங்கிலீஷ் பேப்பர் படிப்பாளே. அவளைப் பார்த்த நாளிலிருந்து உனக்குப் பித்துப் பிடித்தது. பள்ளிக்கூடத்தில் கண் பரிசோதனை நடந்ததும் உனக்குத் தோதாகப் போயிற்று. டாக்டர் கண்ணாடி போடச் சொல்லிவிட்டார் என்று வீட்டில் வந்து அழுதாய். பொள்ளாச்சிக் கடையில் பவர் இல்லாத வெறும் கண்ணாடி போட்ட பிரேம் வாங்கும்போது கூட இருந்தவள் நான் மட்டும்தான். அம்மா வாரம் தவறாமல் பொன்னாங்கண்ணிக் கீரையைக் கடைந்து உன் வாயில் திணித்தாள். கண்ணு தெரியாத பிள்ளையை யார் கட்டுவார்கள் என்று புலம்பினாள். நீ வாயைத் திறக்கவில்லை. காலேஜ் போனாய், கல்யாணம் ஆயிற்று, பிள்ளை பிறந்தது. பிரேம் மட்டும் மாறியது, கண்ணாடி இறங்கவே இல்லை. ஒவ்வொரு தடவையும் துணைக்கு என்னைத்தான் கூட்டிப்போனாய்.

இதையெல்லாம் அவளிடம் சொல்லும்படி ஆகிவிட்டது. சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை. "அப்ப தெனமும் காலைல நான் தேடித் தேடிக் குடுத்தது?" என்று கேட்டாள். மூன்று வயதிலிருந்து அது அவள் வேலை. அம்மாவுக்குக் கண் தெரியாது என்று கட்டிலுக்கு அடியிலெல்லாம் புகுந்து எடுத்து வருவாள். நீயும் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாய்.

 கடைசி நாட்களில் நடந்ததைச் சொன்னேன். ஐ.சி.யு.வில் கண்ணாடியைக் கழற்றிப் பிளாஸ்டிக் பையில் போட்டு என்னிடம் கொடுத்துவிட்டார்கள். நான் உள்ளே வந்தபோது உனக்கு நினைவு பாதிதான் இருந்தது. யார் நிற்கிறார்கள் என்றுகூட உனக்குத் தெரியாது. ஆனால் உன் கை மூக்குக்கு மேலே தடவித் தடவித் தேடியது. யாருக்காகத் தேடினாய்? பார்க்க யாருமில்லாத இடத்தில் யாருக்கு ஸ்டைல் காட்டப் போகிறாய்? பொய்யாகப் போட்டது எந்த வருஷத்தில் உன் முகமாக மாறிப்போயிற்று? கண்ணாடி இல்லாத உன்னைப் பார்க்க எனக்கே யாரோ போலத்தான் இருந்தது.

தாரிணி கிட்டே வந்தாள். என் முகத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றிப் பாவாடை நுனியில் துடைத்தாள். "அம்மாவால அது இல்லாம இருக்க முடியலை. எனக்கும் அப்படித்தானுங்க சித்தி" என்றாள். மறுபடி என் முகத்தில் மாட்டிவிட்டாள்.

மாமாவுக்கு இந்தக் கண்ணாடி விவகாரம் தெரியுமா அக்கா? உன் படத்துக்கு முன்னால் வைத்திருந்ததைத் தினமும் சட்டையில் துடைத்து வைப்பார். ஒரு நாளாவது போட்டுப் பார்த்திருக்க மாட்டாரா? கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இதெல்லாம் எத்தனை நாளைக்கு ஓடும் என்று தெரியவில்லை. கோயமுத்தூர் ஒன்றும் அத்தனை பெரிய ஊர் இல்லை. என்றைக்காவது பழைய பள்ளிப் பிள்ளை ஒன்று எதிரே வரும், உண்மை தெரிந்துவிடும். அன்றைக்கு அவளை எப்படித் தேற்றப் போகிறேன்? நீ இருந்தால் உன்னிடம் ஓடி வந்து கேட்பேன். நீ இருந்தால் இந்தக் கேள்வியே இருக்காது.

துபாய் சாக்லேட் வாங்கி வைத்திருக்கிறேன், காந்திபுரத்தில். உன் ஊதாச் சேலையைக் கட்டியிருக்கிறேன். காலையிலிருந்து அவள் என்னைப் பேர் சொல்லியோ முறை சொல்லியோ கூப்பிடவில்லை. சித்தி என்றும் சொல்லவில்லை, இன்னொன்றையும் சொல்லவில்லை. 'இங்க பாருங்க', 'இத எடுங்க' என்று சுற்றிச் சுற்றி வருகிறாள். அந்தச் சொல்லை அந்தப் பிள்ளைகள் வருகிற நேரத்துக்காகச் சேர்த்து வைத்திருக்கிறாள் போல.

இரண்டு விஷயங்களுக்கு உனக்கு வாக்குத் தருகிறேன். பிள்ளைகள் போனதும், மாமா வருவதற்குள், உன் படத்தை நானே எடுத்து ஆணியில் மாட்டிவிடுவேன். அவளை மாட்டச் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று. கேட் திறக்கும்போது அவள் 'அம்மா' என்று கூப்பிடுவாள். நீ போன பிறகு இந்த வீட்டில் யாரும் யாரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கேட்டதும் நான் சட்டென்று திரும்ப மாட்டேன் அக்கா. ஒரு மூச்சு பொறுத்துத்தான் திரும்புவேன். முதலில் நீ திரும்பிப் பார்த்துக்கொள்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு காத்திருக்கும்,
உன் தங்கச்சி
சத்யா