ஒன்றரை இறாத்தல் சீனி

அக்கா,

இன்று காலை உங்கள் மனுசன், அண்ணை, அந்தப் பிஸ்கட் தகரத்தைக் கொண்டுவந்து என் குசினி மேசையில் வைத்துவிட்டுப் போனார். மூடியின் நடுவில் இருக்கிற துளையைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. மார்கழி பிறந்து நாலு நாள். நீங்கள் இல்லாமல் வருகிற முதல் நத்தார், யேசு பாலன் பிறப்பு.

மூடியைத் திறந்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. ஆனாலும் பன்னீரும் ஏலமும் சாதிக்காயும் கலந்த மணம், போன வருடம் நீங்கள் அடுக்கி வைத்த கேக்கின் மணம், தகரத்தின் மூலைகளில் இன்னும் கிடக்கிறது. நீங்கள் போய் ஏழு மாதம். உங்கள் சேலைகளை அண்ணை கன்னியர் மடத்துக்குக் கொடுத்துவிட்டார். கண்ணாடி எங்கே என்று தெரியவில்லை. இந்த மணம் மட்டும் யார் கையிலும் அகப்படாமல் தப்பியிருக்கிறது. உடனே மூடிவிட்டேன். திறந்து திறந்து பார்த்தால் தீர்ந்துபோய்விடுமோ என்று பயமாக இருந்தது.

பிறகு அலுமாரியிலிருந்து நான் கணக்கு எழுதுகிற பழைய கொப்பியை எடுத்தேன்.

இந்தக் கொப்பியை நீங்கள் எத்தனை தரம் பகிடி பண்ணியிருப்பீர்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்தைக் கோயில் புத்தகங்களைப் பார்த்துப் படித்தேன். கணக்கை வீட்டுச் செலவு எழுதி எழுதிப் படித்தேன். எழுதி வைக்காத ஒன்றை நடந்ததாகவே நினைக்க எனக்கு வராது. உங்களுக்கோ எல்லாம் கைக்கணக்கு. பாலையூற்றில் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு கிடுகுவேலிதான். ஆனால் வேலிக்கு அந்தப்பக்கம் தராசு என்ற பொருளே கிடையாது. நத்தாருக்கு நீங்கள் லவ் கேக் கலக்கிறபோது நான் தராசோடு வந்து நின்றுகொள்வேன். உங்கள் கையிலிருந்து ரவை சட்டிக்குள் விழமுதல் தராசுத் தட்டைக் கீழே நீட்டுவேன். “எடி, கை வேகத்தைத் தடுக்காதை” என்று ஏசுவீர்கள். அப்படித் தட்டி மறித்துத்தான் உங்கள் கேக்குக்கு ஒரு கணக்கு வந்தது: ரவை அரை இறாத்தல், முந்திரிக் கஜு முக்கால் இறாத்தல், முட்டை மஞ்சட்கரு பன்னிரண்டு, சீனி ஒரு இறாத்தல். ஒவ்வொரு வருடத்துப் பக்கத்திலும் கடைசி வரி ஒன்றுதான். ‘ருசி பார்த்தது: அக்கா.’

மார்கழி பிறந்தால் திருவாதிரை வரைக்கும் எனக்கு விரதம். ஒருநேரச் சாப்பாடு, மரக்கறி மட்டும். உங்கள் குசினியில் முட்டை உடைப்பேன், கரு பிரிப்பேன், கலப்பேன். வாயில் மட்டும் வைக்கமாட்டேன். முட்டை தொட்டால் விரதம் போகாதோ என்று கேட்டீர்கள். கை பட்டால் முழுகினால் தீரும், நாக்குப் பட்டால்தான் தீராது என்றேன்.

“இது எந்தப் புத்தகத்தில கிடக்கு?”

“என்ட கொப்பியில.”

அன்றைக்கு நீங்கள் சிரித்த சிரிப்பில் சட்டி ஆடியது. எனக்குரிய துண்டை எண்ணெய்த்தாளில் சுற்றித் தனியே எடுத்து வைப்பீர்கள். திருவாதிரை முடிந்த மறுநாள் அதை வேலிக்கு மேலால் தருவீர்கள். தீபாவளிக்கு என் முறுக்கும் பயத்தம் பணியாரமும் அதே வேலிக்கு மேலால் உங்களிடம் வரும்.

ஆமிக்காரர் அண்ணையைப் பிடித்த அந்தப் பழைய வருடத்துப் பக்கம் இதோ இருக்கிறது. சுற்றிவளைப்பில் ஆம்பிளைகளை எல்லாம் பள்ளிக்கூட மைதானத்தில் வெயிலில் இருத்தினார்கள். வாகனத்துக்குள் முகம் மூடிய ஒருவன். வரிசையில் ஒவ்வொருவராக அவனுக்கு முன்னால் போக, அண்ணையின் முறை வந்தபோது அந்தத் தலை மேலும் கீழும் ஆடியது. அவ்வளவுதான். துறைமுகத்துப் பண்டகசாலையில் பதினாறு வருடம் வேலை பார்த்த மனுசன், சட்டைப் பையில் வேலைப் பாஸோடு ஏறிப்போனார். காலில் செருப்பு இல்லை. நீங்கள் அந்தச் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வாகனத்துக்குப் பின்னால் ஓடினதை நான் படலையில் நின்று பார்த்தேன்.

தெற்கே ஒரு முகாமில் வைத்திருந்தார்கள். போக ஒரு நாள், வர ஒரு நாள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் பார்க்கவிடுவார்கள். நத்தாருக்கு முதல் பார்க்க விடுகிறார்கள், சாப்பாட்டுச் சாமான் கொண்டுவரலாம் என்று அறிவிப்பு வந்ததும் கார்த்திகை மாதமே நீங்கள் கஜுவை வெயிலில் பரப்பிவிட்டீர்கள். முட்டைக்கு நாலு வீடு திரிந்தோம். வெண்ணெய் இல்லை, மாஜரின்தான். சீனியும் அங்கர் பால்மாவும் கண்ட இடத்தில் வாங்கவேண்டிய காலம். எல்லாம் சேர்ந்தபோது உங்களுக்கு மலேரியா வந்தது. அந்த வருடத்தில் மூன்றாம் தரம்.

உங்கள் தேவாலயத்துச் சுவாமியார் நாலைந்து குடும்பங்களைக் கூட்டிக்கொண்டு மறுநாள் விடியப் புறப்படுவதாக இருந்தார். நீங்கள் எழும்பி நிற்கவே ஏலாது. குசினி வாசலில் பாயைப் போட்டு, இரண்டு போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு, “நீ கலக்கு, நான் சொல்லுறன்” என்றீர்கள். மத்தியானம் பேக்கரியில் பாண் இறக்கின பிறகு போறணைச் சூட்டில் நம்முடைய தட்டை வைத்துத் தருவார்கள். அதற்குள் கலந்துவிட வேண்டும். வீட்டில் வேறு ஒருவரும் இல்லை. என் மனுசன் சீனன்குடாவில் வேலையில்.

கொப்பியைப் பார்த்து நிறுத்தேன். ஒரு இறாத்தல் சீனி போட்டேன். கரண்டியில் கொஞ்சம் எடுத்து உங்கள் வாயருகே நீட்டினேன். முகத்தைச் சுளித்தீர்கள்.

“சீனி காணாது.”

“ஒரு இறாத்தல் போட்டாச்சு அக்கா. வழமையா அவ்வளவுதான்.”

“கொப்பிக்கு நாக்கு இருக்கோ? போடடி.”

கால் இறாத்தல் போட்டேன். திரும்ப நீட்டினேன். இன்னும் கசக்குது என்றீர்கள். மலேரியாக் குளிசை வாயைக் கசப்பாக்கும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் நின்றேன். ஆனால் அது உங்கள் கேக், உங்கள் மனுசனுக்குப் போகிற கேக். நானோ ஒரு மார்கழியிலும் அந்தக் கலவையை வாயில் வைத்துப் பார்க்காதவள். ஒரு சொட்டு நாக்கில் வைத்திருந்தால் தீர்ந்திருக்கும். விரதம் என்று நின்றுவிட்டேன். வேலியைத் தாண்டிப் போய் என் வீட்டுச் சீனிப்போத்தலை எடுத்துவந்து இன்னுமொரு கால் இறாத்தல் கொட்டினேன். “இப்ப சரி” என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டீர்கள்.

தகரத்துக்குள் வைக்க ஒரு துண்டுக் காகிதம் வேண்டும் என்றீர்கள். உங்கள் கை நடுங்கியது; நீங்கள் சொல்ல நான் எழுதினேன். பயணப் பாஸ் கிடைக்கவில்லை, அதனால்தான் வர ஏலவில்லை, நான் சுகம், மாசியில் வருவேன். காய்ச்சல் என்று ஒரு சொல்லும் எழுதவிடவில்லை. கையெழுத்தையாவது நீங்களே போடுங்கோ என்றேன். கோணல் எழுத்தைக் கண்டால் மனுசன் பயந்துபோவார் என்று அதையும் என்னைக்கொண்டே போடுவித்தீர்கள். நான் மிகவும் திருத்தமாக எழுதினேன்.

சுவாமியார் திரும்பி வந்து சொன்னார்: காவலுக்கு நின்றவன் மூடியில் கத்தியால் குத்திப் பார்த்துவிட்டுத் தகரத்தை உள்ளே விட்டானாம். அண்ணை இரண்டு கையாலும் வாங்கினாராம். நாங்கள் இரண்டு பேரும் உங்கள் மாதா படத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தினோம். நான் வீட்டுக்கு வந்து என் பிள்ளையாருக்கும் ஒரு தேங்காய் உடைத்தேன்.

திருவாதிரை முடிந்த மறுநாள் என் துண்டைச் சாப்பிட்டேன். பல் கூசியது. இனிப்புக் கூடினால் யாருக்கு என்ன கெடுதி என்று என்னையே சமாதானப்படுத்தினேன். உங்களிடம் சொல்லவில்லை. தைப்பொங்கலுக்கு நான் கொண்டுவந்த புக்கையை வாயில் வைத்துவிட்டு, “எடி, இனிக்குது, எனக்கு ருசி வந்திட்டுது” என்று பிள்ளை மாதிரிச் சொன்னீர்கள். அந்தச் சந்தோசத்தில் மிச்சமிருந்த கேக்கையும் எடுத்துக் கடித்தீர்கள்.

“அடியே, இது கேக்கோ, சீனிப்பாகோ? அந்த மனுசன் இதைத் திண்டுபோட்டு என்னத்தை நினைச்சிருக்கும்?”

கண்ணில் நீர் வரச் சிரித்தோம். அவர் என்ன நினைத்தார் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

மாசியில் நீங்கள் போய் வந்தீர்கள். பஸ்ஸால் இறங்கி உங்கள் வீட்டுக்குப் போகாமல் நேரே என் குசினிக்கு வந்து கதிரையில் இருந்தீர்கள். தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டுச் சொன்னீர்கள். அண்ணை ஒரு கடியிலேயே தெரிந்துகொண்டாராம், இது உங்கள் கை இல்லை என்று. காகிதத்தைப் பார்த்தாராம், எழுத்தும் உங்கள் எழுத்து இல்லை, கையெழுத்தும் இல்லை. ஆக்கள் ஒளிக்கிறார்கள், அவள் போய்விட்டாள் என்று முடிவுகட்டிவிட்டார். மிச்சக் கேக்கை அறையில் இருந்தவர்களுக்குப் பகிர்ந்து கொடுத்துவிட்டுச் செபமாலையைக் கையில் எடுத்தவர்தான். முப்பத்தோராம் நாள் நினைவுச் செபத்துக்கு அந்த அறையில் இருந்த சைவப் பெடியன்களும் அவரோடு முழங்காலில் நின்றார்களாம். பிறகு ஒருநாள் பெயர் கூப்பிட்டார்கள். கம்பிக்கு இந்தப்பக்கம் நீங்கள் நின்றீர்கள்.

கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற அண்ணை, “நான் உனக்கு முப்பத்தொண்டும் முடிச்சிட்டன்” என்று சொன்னாராம். “அப்ப நான் இனிச் செலவில்லாமல் சாகலாம்” என்று நீங்கள் சொன்னீர்களாம். இதைச் சொல்லி என் குசினியில் சிரிக்கத் தொடங்கின நீங்கள், சிரித்து முடிக்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தீர்கள்.

ஐம்பது நாளுக்கு மேல் ஒரு மனுசன் உயிரோடு இருக்கிற பெண்சாதிக்குத் துக்கம் காத்திருக்கிறார், என் கையால். நான் கொப்பியை எடுத்து அந்தப் பக்கத்தைப் பென்சிலால் கோடிழுத்து வெட்டப் போனேன். நீங்கள் பென்சிலைப் பிடித்துக்கொண்டீர்கள்.

“கிடக்கட்டும். பிழையையும் எழுதி வைக்கிறவள்தானே நீ.”

அன்றிலிருந்து தேத்தண்ணிக்குச் சீனி போடுவதை விட்டேன். “சீனி என்னடி பாவம் செய்தது?” என்று கேட்டீர்கள். வருடக்கணக்காகக் கேட்டீர்கள். அண்ணை வெளியில் வந்தார். அடுத்தடுத்த நத்தார்களுக்கு நீங்கள் உங்கள் கைக்கணக்கில் கேக் செய்தீர்கள். நான் தட்டை நீட்டினேன், அது எப்போதும் ஒரு இறாத்தல்தான் காட்டியது. அண்ணை ஒருநாளும் அந்தக் கதையை என்னிடம் எடுத்ததில்லை. துளை விழுந்த தகரத்தை மட்டும் எறியவிடவில்லை.

அக்கா, இன்று பின்னேரம் நான் உங்கள் வீட்டுக்குப் போனேன். இப்போது மதில் கட்டியாகிவிட்டது, சுற்றித்தான் போகவேண்டும். அண்ணை விறாந்தையில் இருந்து கஜுவுக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தார். அது உங்கள் வேலை. அவருக்கு நகம் போதவில்லை.

ஒரு இறாத்தல் என்றுதான் மனதில் முடிவு செய்துகொண்டு போயிருந்தேன். கண்ணை மூடிக்கொண்டு ஒரு துண்டை வாயில் வைத்தாரென்றால், அந்த ஒரு கணமாவது நீங்கள் குசினியில் நிற்கிற மாதிரி இருக்கும். எனக்கும் அந்த ஆசைதான். ஆனாலும் கேட்டுவிட்டுச் செய்வோம் என்று கேட்டேன்.

“சீனி அக்காட அளவுக்கே போடுறன் அண்ணை.”

அவர் நிமிரவில்லை. “இல்லைத் தங்கச்சி. அண்டைக்கு அனுப்பினீங்களே, அந்த அளவுக்குப் போடுங்கோ.”

“அது பிழைச்சுப்போன கேக் அண்ணை.”

“ஓம். அதைத் திண்டுபோட்டுத்தான் அவள் இல்லையெண்டு நினைச்சனான்.” ஒரு கஜுவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பிறகு வந்தவள்தானே.”

நான் உரித்த கஜுவை மடியில் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்போது சட்டி என் முன்னால் இருக்கிறது. மகள் வாங்கித் தந்த மின்சாரப் போறணை சூடாகிக்கொண்டிருக்கிறது. ஒன்றரை இறாத்தல், நிறுத்துப் போட்டுவிட்டேன். கலந்து முடித்ததும் கை தன்பாட்டில் கரண்டியில் கொஞ்சம் எடுத்து இடப்பக்கம் நீட்டியது. உங்கள் குசினியில் பாய் கிடந்த பக்கம் அது. இங்கே அந்தப் பக்கத்தில் சுவர்தான். அது தெரிந்தும் கொஞ்சநேரம் கையை எடுக்க மனம் வரவில்லை.

விரதம்தான். இந்த வருடமும் நான் வாயில் வைக்கவில்லை. கொப்பியில் புதுப் பக்கம் திறந்து எல்லாம் எழுதிவிட்டேன்: ரவை, கஜு, முட்டை, சீனி. ‘ருசி பார்த்தது’ என்ற கடைசி வரிக்கு வந்ததும் பென்சில் நின்றது. பிறகு வழமைபோலவே, திருத்தமாக, உங்கள் பெயருக்குப் பதிலாக நான் எப்போதும் எழுதுகிற அந்த ஒரு சொல்லை எழுதி மூடினேன்.