கால்வாயில் இறங்கிய தம்பி

செப்டெம்பர், கடைசி ஞாயிறு

உயிரை விடப் பார்த்து ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தவன் என் தம்பி ரூபன். குளிர் தொடங்கினால் பேர்ச் மீன் நன்றாகக் கடிக்கும் என்று இன்று அவனை லண்டனில் வெம்பிளிக்கு அருகிலுள்ள கால்வாய்க்குக் கூட்டிப்போனேன். தேநீர் ஊற்றிவிட்டுத் திரும்பினால், நெஞ்சளவு தண்ணீரில் நிற்கிறான். பாய்ந்து சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"தூண்டில் சிக்கிப் போச்சு அண்ணை. எடுக்கத்தான் இறங்கினனான்."

தூண்டில் ஒரு கிளையில் சிக்கித்தான் இருந்தது. ஆனால் அவன் அந்தக் கிளையைத் தாண்டிப் போயிருந்தான்.

காரில் நடுங்கிக்கொண்டே கேட்டான்: "அடுத்த ஞாயிறும் வருவமே?"

"ஓம்" என்றேன். மீன் பிடிக்கத்தான் கேட்கிறானா? யாரிடம் கேட்பேன்? வீட்டுக்கு வந்ததும் அவனுடைய அறைக் கதவைக் கழற்றி வைத்துவிட்டேன். இப்போது இருமுகிறான். இருமட்டும். இருமல் நின்றால்தான் எனக்குப் பயம்.