தானாக வந்த நாடா

பெட்டியைத் துடைக்கப் போய் உன் படத்தின் பாட்டுப் புத்தகம் கையில் அகப்பட்டது. எட்டுப் பக்கம், மஞ்சள் அட்டை. அட்டையில் ஒரு தறி, தறிக்குப் பின்னால் தலைவிரி கோலமாக ஒரு பெண். பிரித்தால் அந்துருண்டை வாசனை. பின்பக்கத்தில் உன் கையெழுத்தில் ஒரே வார்த்தை: "சிரிச்சியா?" சிரித்தேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீ போய் ஒரு மாதமாகிறது. இனிமேல் எதிர்ப்பேச்சுப் பேச மாட்டாய் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

பேப்பரில் உன்னைப் பற்றி நிறையப் போட்டிருந்தார்கள். பேய்ப் படத்தில்கூடச் சிரிக்க வைத்த இயக்குநர் என்று புகழ்ந்திருந்தார்கள். அதை நீ எங்கே கற்றாய் என்று அவர்களுக்குத் தெரியாது. நாம் ஒன்றாக வளர்ந்த பிள்ளையார்பாளையத்தில் அமாவாசையன்று தறி ஓடாது. தெருவே சினிமாவுக்குப் போகும். பெரிய காஞ்சிபுரத்துக் கொட்டகையில் பெஞ்சு டிக்கெட்டில் உட்கார்ந்தால், நீ திரையைப் பார்க்க மாட்டாய். திரும்பி உட்கார்ந்து ஜனங்களின் முகத்தைப் பார்ப்பாய்.

"பேய் வரும்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. அப்புறம் எவன்டா பயப்படுவான்? மொதல்ல சிரிக்க வெக்கணும். சிரிச்ச வாயை மூடறதுக்குள்ள பயமுறுத்தணும்" என்பாய். துப்பாக்கியை நீட்டுகிற வில்லனுக்குத் தும்மல் வந்தால் எப்படியிருக்கும் என்று வீடு வரும்வரை தும்மிக் காட்டிக்கொண்டே வருவாய். உன்னால் எனக்கு வயிறு புண்ணான நாட்கள் உண்டு. இல்லையென்று சொன்னால் பொய்.

நீ கோடம்பாக்கத்தில் உதவி இயக்குநராக அல்லாடிக்கொண்டிருந்தபோதுதான் அம்மா செத்துப்போனாள். நாம் இருவருமே நைனா என்று கூப்பிட்ட என் அப்பா தறிக்குழியில் உட்கார்ந்து நெய்வார். பக்கத்தில் அம்மா உட்கார்ந்து, நூல் அடைத்த சின்ன மரக்கட்டையான நாடாவைக் கரைக்கு எறிவாள். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் அந்தச் சேலையை ஒற்றை ஆள் நெய்ய முடியாது. இவர் "போடுமா" என்பார். அவள் பக்கத்திலிருந்து நூலோடு நாடா வரும். இருபத்தைந்து வருடத்தில் அவர்கள் பேசிக்கொண்டதில் பாதி அந்த ஒரு சொல்தான்.

அவள் போன மூன்றாம் மாதம், ஓர் அமாவாசைப் பகலில், தெரு ஓய்ந்து கிடந்த நேரத்தில் எங்கள் வீட்டில் தறிச் சத்தம் கேட்டது. நடுவே நைனாவின் குரல், "போடுமா." கொஞ்சம் பொறுத்து மறுபடியும், "போடுமா." செத்தவள் தறிக்கு வந்துவிட்டாள் என்று எதிர்வீட்டுக்காரி எங்கள் வாசலில் வேப்பிலை செருகினாள். நான் ஓடிவந்து பார்த்தேன். நைனா தனியாக உட்கார்ந்து, காலி இடத்தைப் பார்த்துக் காத்துக்கொண்டிருந்தார்.

பொங்கலுக்கு நீ வந்தபோது, சர்வதீர்த்தக் குளத்துப் படியில் வைத்து இதை உன்னிடம் மட்டும் சொன்னேன். நீ கண்ணைத் துடைத்துக்கொண்டாய். துடைத்த கையாலேயே எழுதியும் வைத்துக்கொண்டாய் போலிருக்கிறது.

இரண்டு வருடத்தில் உன் முதல் படம் வந்தது. அமாவாசையன்று நைனாவையும் கூட்டிக்கொண்டு போனேன். உன் பேய்க்கு இருட்டும் கிடையாது, நரி ஊளையும் கிடையாது. பட்டப்பகலில், பூட்டிய வீட்டில் தறி ஓடுகிறது. காமெடி நடிகர் உள்ளே நுழைகிறார். வாடகைக்கு வீடு பார்க்க வந்தவர்போல ஒவ்வொரு சுவராகத் தட்டிப் பார்த்துவிட்டுத் தறியில் உட்காருகிறார். ஆளில்லாத பக்கத்தைப் பார்த்து "போடுமா" என்கிறார். நாடா தானாகப் பறந்துவந்து அவர் நெற்றியில் இடிக்கிறது. அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே, "மெதுவா போடுமா" என்கிறார். கொட்டகை அதிர்ந்தது. சிரிப்பு அடங்குவதற்குள் அவர் தோளில் ஒரு கை விழுகிறது. எத்தனை பேர் அலறினார்கள்! சொன்னபடியே வாயை மூடவிடாமல் அடித்துவிட்டாய்.

நானும் சிரித்தேன். முழுசாகச் சிரித்து முடித்த பிறகுதான் பக்கத்தில் இருப்பது யார் என்று உறைத்தது. நைனா சிரிக்கவில்லை, அழவுமில்லை. முன்னால் சாய்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாளிலிருந்து தெருப் பிள்ளைகள் அவரைக் கண்டால் "போடுமா" என்று கத்தினார்கள். அவரோ வேலையைப் போட்டுவிட்டு மதியக் காட்சிக்குப் போக ஆரம்பித்தார். ஒருநாள் இருநாள் இல்லை, ஏழெட்டு நாள். அவமானத்தில் மனுஷனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தேன். பஸ் பிடித்துக் கோடம்பாக்கம் வந்து, படப்பிடிப்பில் எல்லார் முன்னாலும் உன்னைத் திட்டினேன்.

"நான் கிண்டல் பண்ணலடா. கொட்டகையே அவரோட சேந்துதான் சிரிச்சுது" என்றாய்.

"அவரு சிரிக்கலையேடா. வந்து அவரு கால்ல வுழு" என்றேன்.

வந்தாய். அதில் உன்னைக் குறை சொல்ல மாட்டேன். காலில் விழப் போனவனை நைனா தூக்கிப் பிடித்தார்.

"அத்த வுடுப்பா. அந்த நாடா வந்துச்சே, அது எப்படிப்பா வந்துச்சு?" என்று கேட்டார்.

உன் முகம் மலர்ந்ததே, அதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. மன்னிப்புக் கேட்க வந்ததே உனக்கு மறந்துபோயிற்று.

"அதுவா நைனா? கறுப்பு நூலு! கேமராவுக்குத் தெரியாம இந்தாண்ட ஒரு ஆள வெச்சு இழுத்தோம். பதினாலு தபா எடுத்தோம். ஒரு தபா அவரு மூக்குலயே பட்டுச்சு, எல்லாரும் வுழுந்து வுழுந்து சிரிச்சாங்க. எடுக்கறவன் சிரிச்சாதான் நைனா பாக்கறவன் சிரிப்பான்!"

சொன்னதோடு விட்டாயா? எங்கள் தறியிலேயே உட்கார்ந்து நடித்தும் காட்டினாய். அம்மாவின் இடத்தைப் பார்த்து, "மெதுவா போடுமா" என்றாய்.

"நூலா" என்றார் நைனா. பிறகு, "நல்ல வேலைப்பா" என்று சொல்லி உனக்குக் காப்பி வாங்கிவரச் சொன்னார். நீ நிம்மதியாகக் குடித்துவிட்டுப் போனாய். பிற்பாடு பேட்டி கேட்டவர்களிடமெல்லாம் ஒரு நெசவாளரே உன் வேலையைப் பாராட்டியதாகச் சொல்லிக்கொண்டாய்.

நீ போன பிறகு அவர் என்னிடம் சொன்னது உனக்குத் தெரியாது. நீ குடித்த தம்ளரை எடுத்து வைத்துவிட்டுச் சொன்னார்.

"உங்கம்மாதான் போட்டாள்னு நான் நெனைக்கலடா. சினிமான்னு எனக்குத் தெரியாதா? ஆனா கூப்ட்டதுக்கு வந்துச்சில்ல. அத்தப் பாக்கத்தான் போய்க்கினு இருந்தேன்."

அதோடு கொட்டகைக்குப் போவதை நிறுத்திவிட்டார். அம்மாவின் இடத்தில் நான் உட்கார்ந்து பதினோரு வருடம் கரை எறிந்தேன். ஒருநாளும் "போடு" என்று அவர் வாயால் சொல்லவில்லை. தறிச் சட்டத்தில் விரலால் ஒரு தட்டுத் தட்டுவார். நான் எறிவேன்.

ஊர் சிரித்தது அவரை ஒன்றும் செய்யவில்லையடா. அந்தச் சிரிப்புக்குள் அவருக்கென்று ஓர் இடம் இருந்திருக்கிறது. அது உனக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அதைப் பிரித்துப் போட்டவன் நீ. அதற்கென்றே உன்னைக் கழுத்தைப் பிடித்து இழுத்து வந்தவன் நான். உன்மேல் இருக்கிற கசப்பில் சரிபாதி என்மேல்தான்.

நீ போன அன்று டிவியில் அந்தப் படத்தைப் போட்டார்கள். பேரப்பிள்ளைகள் உருண்டு புரண்டு சிரித்தார்கள். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, டிவிக்கு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்து பார்த்தேன். ஆயிரம் இழைக்கு நடுவில் அறுந்த ஓர் இழையைத் தேடி எடுக்கிற கண் இது. அந்தக் கறுப்பு நூல் எனக்குத் தெரியவே இல்லை. நாடா தானாகத்தான் வந்தது. அவ்வளவு நன்றாக மறைக்கத் தெரிந்தவன், அன்றைக்கு ஒருநாள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கக் கூடாதா?