வலப்பக்கக் கிளை

29.1.1967, ஞாயிறு

அம்மா பணியாரம் சுட்டு முடிப்பதற்குள் நாகு அண்ணன் சைக்கிளை வெளியே எடுத்துவிட்டான். இன்றும் கரிக்குழிக்கு. வெள்ளைக்காரன் காலத்தில் பென்சில்கரி தோண்டி, கட்டுப்படியாகாமல் விட்டுப்போன சுரங்கங்கள் கல்லலுக்கு மேற்கே செம்மண் காட்டில் கிடக்கின்றன. காணாமல்போன ஆட்டைத் தேடிக்கூட அதற்குள் யாரும் இறங்கமாட்டார்கள். நாங்கள் இரண்டு வருடமாக ஞாயிறுதோறும் இறங்குகிறோம். இது மூன்றாவது குழி.

அங்கே என்னதான் கிடைக்கிறது என்று அம்மா கேட்கிறாள். ஒன்றும் கிடைக்காது. சுவரைத் தொட்டால் விரல் மினுங்கும். அவ்வளவுதான். எத்தனையோ வருடமாக ஒரு மனிதரும் நிற்காத இடத்தில் நிற்கிறோம் என்று நினைத்தால் எனக்குக் கிளம்பவே மனம் வராது.

திருப்பங்களையும் காலடிக் கணக்கையும் ஆபத்தான இடங்களையும் குழி நோட்டில் குறிப்பது என் வேலை. உள்ளே ஈரத்தில் தாள் நைந்துவிடும். அதனால் மனதில் வைத்திருந்து வீட்டுக்கு வந்ததும் எழுதிவிடுவேன். கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர் வேலை பார்க்கிற அண்ணன் என்னைச் 'சர்வேயரம்மா' என்கிறான். "நீ எழுதலைன்னா அங்குட்டு ஆபத்தே இல்லைன்னு அர்த்தம்" என்று இன்று சொன்னான். பெருமையாக இருந்தது.

6.2.1967, திங்கள்

குச்சுக்குள் இருக்கிறேன். நேற்றுக் குழியிலிருந்து திரும்பியதும் பாவாடையில் கறை. கோட்டைச்சாமி மாமா கொல்லையில் பச்சைத் தென்னோலையால் குச்சு கட்டினார். பதினாறு நாள் இதற்குள்தான். ஆண்கள் முகம் பார்க்கக் கூடாது. புத்தகம், பேனா தொடக் கூடாது. இந்தச் சின்ன நோட்டையும் பென்சிலையும் துணிமூட்டையில் ஒளித்துக் கொண்டுவந்தேன். அம்மாவுக்குத் தெரிந்தால் பிடுங்கிவிடுவாள்.

நேற்றையதைக் குழி நோட்டில் ஏற்றவில்லை. மறக்காமல் இங்கே: வலப்பக்கக் கிளை, நாற்பத்திரண்டாவது காலடி, மேலே மர உத்தரம். பென்சிலால் குத்தினேன். ஊறிய அவலில் இறங்குவதுபோல் இறங்கியது. கறையான். அண்ணன் அப்போது இடப்பக்கக் கிளையில் இருந்தான். வரும் வழியெல்லாம் எனக்கு வயிற்றுவலி. பேசாமலே வந்துவிட்டேன்.

9.2.1967

உளுந்தங்களி, நல்லெண்ணெய். மறுபடி உளுந்தங்களி.

12.2.1967, ஞாயிறு, காலை

இப்போதுதான் ஓலைக்கு வெளியே அண்ணன் குரல். "என்ன சர்வேயரம்மா, மாமா வீடு கட்டிக் குடுத்திருக்காக, சௌகரியமா இருக்கீகளா?" பக்கத்தில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். பிறகு சொன்னான், "ஒன் நோட்டை எடுத்துக்கிட்டேன். வலப்பக்கம் பாக்கி கெடக்குல்ல, முடிச்சிட்டு வந்திர்றேன்."

"அண்ணே, அங்குட்டு—" என்றேன். அம்மா உள்ளே குனிந்து என் வாயைப் பொத்தினாள். "ஆம்பளை காதுல இப்ப ஒன் குரல் விழக் கூடாதுடி." அவனையும் விரட்டினாள். அவன் போகக் கூடாது என்று அம்மாவிடம் கெஞ்சினேன். சடங்கு முடியும்வரை இந்த வீட்டில் குழிப் பேச்சே கூடாது என்றுவிட்டாள். சைக்கிள் மணி தெருவில் கேட்டது.

பழகின கால். பார்த்துத்தான் போவான்.

மாலை

இன்னும் வரவில்லை.

விளக்கு வைத்தாயிற்று. அப்பாவும் மாமாவும் ஆள் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

13.2.1967

மண்ணைத் தோண்டி அண்ணனை எடுத்துக் கொண்டுவந்தார்கள்.

குச்சுக்குள் இருந்து பார்க்க முடியவில்லை. அம்மாவின் சத்தம் மட்டும்.

17.2.1967

சடங்கு இல்லை. தலைக்குத் தண்ணீர் ஊற்றி என்னை வெளியே விட்டார்கள். குச்சுக்கு வெட்டியதில் மிஞ்சிய ஓலையைத்தான் அவன் பாடைக்கு முடைந்ததாக மாமா சொல்லிச் சொல்லி அழுகிறார்.

அப்பா குழி நோட்டைக் கொடுத்தார். வலப்பக்கக் கிளையில் என் எழுத்து முப்பதோடு நிற்கிறது. அதன்கீழ் அவன் எழுதியிருக்கிறான், அவனுடைய உருண்டை எழுத்தில்: 35. 40.

ஒரு தாளைக் கிழித்து, நாலு வார்த்தை எழுதி, ஓலை இடுக்கு வழியாக வெளியே போட எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஏன் போடல? நோட்டைப் பிடுங்கிருவாகன்னு பயந்தியா? இந்த நோட்டையா? இதுக்காகவா?

20.3.1967

பள்ளிக்கூடம் போனேன். வழிவிட்டு ஒதுங்கினார்கள்.

16.4.1967, ஞாயிறு

அம்மா தலை வாரிவிடும்போது சொல்லிவிட்டேன். உத்தரம் உளுத்திருந்தது எனக்கு முன்பே தெரியும், அன்று அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன் என்று. முகத்தைப் பார்த்தால் சொல்ல முடியாது. பின்னால் இருந்ததால் முடிந்தது.

சீப்பு நின்றது. நான் திரும்பவில்லை. அம்மா, "அப்பாகிட்டச் சொல்லிராத" என்றாள். யாருக்காக என்று நான் கேட்கவில்லை. பின்னி முடித்துவிட்டு எழுந்து போனாள். பின்னல் மிகவும் இறுக்கமாக இருந்தது.

27.8.1967, ஞாயிறு

பக்கத்து வீட்டுக் காளியாயி பெரிய மனுஷி ஆகிவிட்டாள். எங்களுடையது துக்க வீடு, அழைக்கவில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் நானும் அம்மாவும் துணி உலர்த்திக்கொண்டிருந்தோம். அவளுடைய அப்பா வீரையா மாட்டை ஓட்டிக்கொண்டு கொல்லை வழியே போனார். குச்சுக்குள்ளிருந்து காளியாயி, "அப்பா" என்றாள். பெண்கள் எல்லோரும் சேர்ந்து அவளை அடக்கினார்கள். அவர் நடந்துகொண்டே இருந்தார்.

அம்மா ஈரத்துணியோடு வேலியைப் பிடித்துக்கொண்டாள். "வீரையாண்ணே, எங்க போறீக? பிள்ளை கூப்பிடுது. என்னன்னு கேட்டுட்டுப் போங்க."

எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். அவர் நின்றார். ஓலைக்குள்ளிருந்து மெல்லக் குரல் வந்தது. "கன்னுக்குட்டி கயித்த அவுத்துக்கிருச்சுப்பா."

பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவரும் சிரித்தபடி கன்றைப் பிடிக்கப் போனார். அவர் அதைக் கட்டிவிட்டுத் திரும்பும்வரை அம்மா வேலியை விடவில்லை.