வரவேற்பு மேசைக்கு அழுதபடி வந்தவள்

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதிக்கொள்வது. நீ கப்பலில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்கிறாயா. இந்த இடத்தில் அம்மா எப்போதும், இங்கே நாங்கள் அனைவரும் சுகம் என்று எழுதுவாள். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை எழுதி எழுதி அவள் கைக்கே அந்த வரி பழகிவிட்டது. இந்த முறை அவளால் எழுத முடியவில்லை, அதனால் அவள் எழுதுகிற வரிசையிலேயே நான் எல்லாவற்றையும் எழுதுகிறேன், சுகம் என்பதை மட்டும் விட்டுவிடுகிறேன். குளியலறையில் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து, மடியில் பூகோள நோட்டை வைத்துக்கொண்டு எழுதுவதால் கையெழுத்து கோணலாகத்தான் வரும், சிரிக்காதே. அம்மா முன்னறையில் படுத்திருக்கிறாள், தூங்குகிறாளா என்று தெரியவில்லை. கட்டில் கிரீச்சிடும்போதெல்லாம் பேனாவை எடுத்துவிடுகிறேன்.

முதலில் வீட்டு விஷயம். அப்பாவுக்கு இந்த வாரம் நீரேற்று நிலையத்தில் இரவுப் பணி. முழங்கால் வலி குறைந்துவிட்டது, ஆனால் அதைச் சொல்லி மாடிக்குப் போகாமல் தப்பிப்பது குறையவில்லை. சித்தப்பா வந்து இரண்டு நாள் தங்கி நம் வீட்டு ஜன்னல், அம்மாவின் சமையல், என் மதிப்பெண் எல்லாவற்றிலும் குறை கண்டுபிடித்து, நீ மட்டும்தான் இந்தக் குடும்பத்தில் உருப்பட்டவன் என்று சொல்லிவிட்டுப் போனார். நீ அவருக்கு ஒரு பதில்கூடப் போடுவதில்லை என்பது வேறு விஷயம். உன் நீலச் சட்டையை நான் போட்டுக்கொள்கிறேன், திரும்பி வந்து கேட்காதே.

இனி அம்மாவின் மையத்து விஷயம். நீ போய் மூன்று வருஷம் ஆகிறது, மறந்திருப்பாய். பல்கலைக்கழகத்து வேலைவாய்ப்பு மையத்தில் வரவேற்பு மேசையில் உட்கார வருஷா வருஷம் மாணவர்களைச் சேர்த்து, இரண்டு வாரம் அம்மாதான் அவர்களுக்குப் பயிற்சி கொடுப்பாள். பள்ளிக்கூடம் விட்டதும் நான் அங்கே போய்ப் பின்னறையில் நகலெடுக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன், அதனால் எல்லா வருஷத்துப் பிள்ளைகளையும் எனக்குத் தெரியும். இந்த வருஷம் வந்த மாதிரி ஒரு கூட்டத்தை நான் பார்த்ததில்லை. தேர்ந்தெடுத்தது அம்மா இல்லை, புது இயக்குநர். சிரித்த முகமாக இருக்கிறவர்களாகப் பார்த்து எடுத்தாராம். சிரித்த முகம்தான் வேண்டுமென்றால் பற்பசை விளம்பரத்தை வெட்டி மேசையில் ஒட்டியிருக்கலாம், அதற்கு நாற்காலியும் மிச்சம். மொத்தம் மூன்று பேர். ஒருவன் நிமிஷத்துக்கு ஒரு தடவை சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுப்பான், அதனால் அவனுக்கு நான் வைத்த பெயர் சீப்பு. மற்ற இரண்டு பெண்களும் அவன் சிரித்தால் சிரிப்பார்கள், அவன் எழுந்தால் எழுவார்கள், அவர்களுக்குத் தனியாகப் பெயர் வைக்க எனக்குத் தேவைப்படவில்லை.

அம்மா சொல்லிக்கொடுப்பதைக் கேட்டால் நீயே அந்த மேசையில் உட்கார்ந்துவிடுவாய். ஆள் கதவைத் தள்ளும்போதே தலையை நிமிர்த்துங்க, அவங்க வாயைத் திறக்கட்டும்னு காத்திருக்காதீங்க. பேனாவால ஆளைக் காட்டாதீங்க. யாருடைய விண்ணப்பத்தையும் வாய்விட்டுப் படிக்காதீங்க, அதுல அவங்க தோத்த பாடம் இருக்கும், பின்னால நாலு பேர் உட்கார்ந்திருப்பாங்க. எல்லாத்துக்கும் முதல்ல கடைசி நாள் எதுன்னு கேளுங்க, அதைக் கேக்காம யாரையும் உட்காரவும் வைக்காதீங்க, திருப்பியும் அனுப்பாதீங்க. இப்படி அவள் சொல்லச் சொல்ல சீப்பு நோட்டில் கடைசி நாள் என்று எழுதி அதைச் சுற்றிப் பூப் போட்டுக்கொண்டிருந்தான். இதெல்லாம் பொது அறிவுதானே மேடம் என்றான். பொதுவா இருந்தா நான் ஏன் தம்பி பதினோரு வருஷமா தொண்டை வத்தக் கத்திக்கிட்டிருக்கேன் என்றாள் அம்மா. மறுநாளே அந்தப் பொது அறிவுக்காரன் மேசைத் தொலைபேசியை எடுத்து, சொல்றா என்றான். மறுமுனையில் துணைவேந்தர் அலுவலகம்.

பயிற்சி முடிகிற வாரம் அம்மா யாருக்கும் சொல்லாமல் ஒரு ஆளை அனுப்புவாளே, நீகூட ஒரு தடவை சான்றிதழைத் தொலைத்துவிட்ட மாணவன் மாதிரி போய் நடித்தாயே, அந்தச் சோதனை இன்னும் இருக்கிறது. வருகிறவர் யார், எப்போது என்று பிள்ளைகளுக்குத் தெரியக் கூடாது. அன்றைக்கு அம்மாவும் மேல்மாடிக்குப் போய்விடுவாள். வந்தவர் வெளியே போய் மதிப்பெண் போட்டுக் கொடுப்பார். இந்த வருஷம் அம்மா ஏற்பாடு செய்தது நூலகத்தில் புத்தகம் அடுக்குகிற அக்காவை. அங்கே வருகிற பிள்ளைகள் பாதிப் பேர் அழுதுகொண்டுதான் வருவார்கள் என்பதால் அழுதுகொண்டு வரச் சொன்னாள், புதன்கிழமை நூலக வேலை முடிந்ததும் வருவதாக அக்கா சொன்னாள். இது அம்மாவுக்கும் அக்காவுக்கும் மட்டும் தெரியும் என்று அவர்கள் இரண்டு பேரும் நினைத்தார்கள். எனக்கும் தெரியும், காது கேட்கிறதே.

செவ்வாய்க்கிழமை சீப்பு தண்ணீர் குடிக்கப் பின்னறைக்கு வந்தான். எப்போதும்போல, என்ன குட்டி மேடம், அம்மாவுக்கு உளவு பாக்குறீங்களா என்றான். நான் நோட்டில் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். இவளுக்கு என்ன தெரியும், அம்மா பின்னாலயே ஒட்டிக்கிட்டுத் திரியற வாலு என்று வாசலில் நின்ற இரண்டு பெண்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னான். அவர்கள் சிரித்தார்கள். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. உங்களுக்குத்தான் ஒண்ணும் தெரியாது, நாளைக்கு ஒருத்தி அழுதுக்கிட்டே வருவா, அது நடிப்பு, அப்பவாவது ஒழுங்கா உட்காருங்க என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான் அண்ணா சொன்னது. அவன் சீப்பை அப்படியே பிடித்துக்கொண்டு என்னை முதல் தடவையாக ஒரு ஆளாகப் பார்த்தான். அது எனக்குப் பிடித்திருந்தது, அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

புதன்கிழமை நாலு மணிக்குக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் அழுதபடி வந்தாள். பின்னறைக் கதவு இடுக்கில் நான் பார்த்தேன். அவள் நூலகத்து அக்கா இல்லை. பார்த்த நொடியே எனக்குத் தெரியும், அந்த அக்காவைத்தான் நான் வாரம் இரண்டு தடவை பார்க்கிறேனே. இவள் யாரோ மாணவி, கறுப்புக் கோப்பை நெஞ்சோடு அணைத்திருந்தாள். மருந்து ஆய்வகத்தில் பயிற்சி வேலைக்குப் பெயர் வந்திருக்கிறது, ஐந்து மணிக்குள் படிவத்தில் மையத்து முத்திரையும் ஆலோசகர் கையெழுத்தும் வேண்டும், இல்லாவிட்டால் இடம் போய்விடும் என்று சொன்னாள். சீப்பு எழுந்து நின்றான். வாங்க, உட்காருங்க, தண்ணி குடிங்க என்றான். கடைசி நாள் எப்பங்க என்று அந்த இரண்டு பெண்களையும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே கேட்டான். இன்னைக்குத்தான், இன்னும் ஒரு மணி நேரம்கூட இல்லை என்று அவள் சொன்னதை அழகாகக் குறித்துக்கொண்டான். அம்மா பார்த்திருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பாள். பிறகு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். பத்தடி தூரத்து அறையில் ஆலோசகர் உட்கார்ந்திருக்கிறார், இவன் எழுந்திருக்கவில்லை. சார், கொஞ்சம் அவரைக் கூப்பிடுங்களேன் என்று அவள் மூன்று தடவை கேட்டாள். கடைசியில் அவன், போதுங்க, நல்லாத்தான் நடிக்கிறீங்க, எங்களுக்கு எத்தனை மார்க்குன்னு மேடம்கிட்ட சொல்லிடுங்க என்றான். இரண்டு பெண்களும் கை தட்டினார்கள். கண்ணீர் எப்படிங்க வருது, வெங்காயமா என்று ஒருத்தி கேட்டாள். வந்தவள் ஒருவர் முகத்திலிருந்து ஒருவர் முகமாகப் பார்த்தாள். அப்புறம் மேசைமேலிருந்த படிவத்தைத் தானே எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் என்ன செய்தேன் என்று கேட்பாய். அவள் இன்னும் கெஞ்சிக்கொண்டிருக்கும்போதே எழுந்தேன், கதவின் கைப்பிடியில் கையை வைத்தேன். வெளியே போய் இவங்க அவங்க இல்லை என்று சொன்னால், அவங்க யாருன்னு உனக்கு எப்படித் தெரியும், உளறியது நீதானா என்று அம்மாவரைக்கும் போகும். திரும்பப் போய் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இருபது நிமிஷம். ஏழு கணக்கு, ஏழும் சரி.

நாலே முக்காலுக்கு நூலகத்து அக்கா கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள். அப்போதுதான் அந்த மூன்று பேர் முகமும் வெளுத்தது. சீப்பு நடைபாதையில் ஓடினான், யாரும் இல்லை. ஆலோசகரும் அதற்குள் கிளம்பிவிட்டார். மறுநாள் காலை அந்த மாணவியின் துறை ஆசிரியர் இயக்குநர் அறையில் வந்து நின்றார். யார் சொல்லி இதைச் சோதனை என்று நினைத்தீர்கள் என்று இயக்குநர் கேட்டதற்கு சீப்பு, மேடம் பக்கத்திலேர்ந்துதான் சார் தெரிஞ்சது என்றானாம். பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை, தலை கலையாமல் இரண்டுக்கும் நடுவில் வகிடு எடுத்துவிட்டான். இயக்குநருக்கு அது போதும். பயிற்சி நன்றாக நடந்த மாதிரி காட்ட அம்மாவே சொல்லிவிட்டாள் என்கிறார். சிரித்த முகம் பார்த்து ஆள் எடுத்தது யார் என்று அவரிடம் கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. அம்மாவை மேசையிலிருந்து எடுத்துக் கீழ்த்தளத்துப் பழைய கோப்பு அறைக்கு அனுப்பப்போகிறாராம்.

அம்மா தன்னைப் பற்றிக் கவலைப்படவில்லை. அந்த ஆய்வகத்துக்குத் தொலைபேசியில் பேசிப் பேசிக் கெஞ்சியிருக்கிறாள். தவறு மையத்துடையதுதான் என்றும் அது எப்படி நடந்தது என்றும் மையம் எழுத்தில் கொடுத்தால் நாளை நண்பகல்வரை காத்திருக்கிறோம் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். ஆனால் வெளியே சொன்னது யார் என்று பெயர் இல்லாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று இயக்குநர் அடம்பிடிக்கிறார். தான் சொல்லவில்லை என்று அம்மாவுக்குத் தெரியும். அப்படியென்றால் மிச்சம் இருப்பது நூலகத்து அக்கா. சாயங்காலம் அவளைத் தொலைபேசியில் கூப்பிட்டு, உன்னை நம்பினதுக்கு நல்லா செஞ்சே என்றாள். அந்தப் பக்கம் அக்கா என்ன சொன்னாளோ, அம்மா பாதியில் வைத்துவிட்டாள். அக்கா தற்காலிக ஊழியர், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அவள் வேலையை நீட்டிக்க வேண்டும், அந்தக் கையெழுத்தும் அதே கட்டடத்தில்தான் ஆக வேண்டும்.

முன்னறையில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அம்மா விளக்கக் கடிதம் எழுதினாள், மூன்று தாளைக் கிழித்தாள். நடுவில் என்னைக் கூப்பிட்டு, உன் காதுல ஏதாவது விழுந்துச்சாடி, யாராவது ஏதாவது பேசினாங்களா என்று கேட்டாள். இல்லம்மா என்றேன். சின்னப் பிள்ளை, உன்னைப் போய்க் கேட்டேன் பாரு என்று என் தலையைத் தடவினாள். அவள் முகம் கழுவப் போனபோது படித்துப் பார்த்தேன். சோதனைக்கு வரவழைக்கப்பட்ட நூலகத் தற்காலிக ஊழியர் இதை முன்கூட்டியே வெளியிட்டிருக்கலாம் எனக் கருதுகிறேன் என்று எழுதியிருக்கிறாள். கருதுகிறேன் என்பதில் மை திட்டாக நிற்கிறது, பேனாவை அங்கே ரொம்ப நேரம் அழுத்தியிருக்கிறாள்.

சீப்பைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டேன், நீ படித்துச் சிரித்திருப்பாய். ஆனால் அவன் நடிப்பு என்று நம்பித்தான் சிரித்தான். நிஜமாகவே அழுகிறாள் என்று அந்த இடத்தில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். இந்தக் கடிதம் துறைமுகம் துறைமுகமாகச் சுற்றி உன் கைக்கு வர மூன்று வாரம் ஆகும், நாளை காலை பத்து மணிக்கு அம்மா அந்தத் தாளைக் கொடுத்துவிடுவாள், அதனால் என்ன செய்யட்டும் என்று உன்னிடம் கேட்டுப் பயன் இல்லை. கேட்கிற மாதிரி எழுத ஆரம்பித்தேன். எழுதிக்கொண்டு வரும்போதே என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிட்டது. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. அம்மா அடிக்க மாட்டாள், திட்டக்கூட மாட்டாள், ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்ப்பாள், அதுதான்.

மேலே உள்ள வரிக்கும் இதற்கும் நடுவில் கொஞ்ச நேரம் எழுந்து போயிருந்தேன். நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, சீப்பிடம் சொன்னது நான், நூலகத்து அக்கா இல்லை, வந்தவள் நிஜமாக அழுதாள் என்றும் எனக்குத் தெரியும், தெரிந்தும் பேசாமல் இருந்தேன் என்று எழுதி, கீழே என் முழுப் பெயரும் வகுப்பும் போட்டேன். அதை அம்மாவின் கடிதத்துக்குமேல் வைத்து, அதன்மேல் அவள் மூக்குக்கண்ணாடியை வைத்துவிட்டு வந்தேன். எழுந்ததும் அவள் முதலில் தேடுவது கண்ணாடியைத்தான். திரும்பும்போது கால் நாற்காலியில் இடித்தது, யாரது என்றாள் அம்மா, நான்தான்மா என்றேன். தண்ணி குடிச்சிட்டுப் படு என்றாள். இனி அந்தத் தாளை எடுக்க அந்த அறைக்குப் போக முடியாது, அவள் விழித்திருக்கிறாள்.

உனக்கு ஆசீர்வாதம் சொல்கிற வயது எனக்கு இல்லை, அதனால் அம்மாவும் அப்பாவும் வழக்கமாகச் சொல்வதை அவர்கள் சார்பில் எழுதுகிறேன், நோய் நொடி இல்லாமல், நல்லவர்கள் நடுவில், நீண்ட நாள் நன்றாக இரு. இயந்திர அறையில் காதுக்குப் பஞ்சு வைத்துக்கொள். சித்தப்பாவுக்கு இரண்டு வரி எழுதிப் போடு. முக்கியமாக ஒன்று, இதற்கு அடுத்து அம்மா எழுதுகிற கடிதத்தில் என்னைப் பற்றி என்ன இருந்தாலும் அது உண்மை, எனக்காக அவளிடம் பரிந்து பேசாதே.

இப்படிக்கு,
உன் தங்கை